உளவியலோடு மனித உயிரியல்: இரட்டை மேஜர் யாருக்கு, தனிப் பட்டம் யாருக்கு?

ஒன்ராறியோவில் 12ஆம் வகுப்புப் படிக்கும் பிள்ளை "எனக்கு மூளையைப் பற்றிப் படிக்க விருப்பம்" என்று சொன்னால் வீட்டில் இரண்டு விதமான பதில் வரும். அப்பா "அப்ப டொக்டருக்குப் படி" என்பார். பெரியம்மா "சைக்கோலொஜி படிச்சு என்ன வேலை எடுக்கிறது?" என்பார். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வழி ஒன்று கிடைக்கும்: உளவியலையும் மனித உயிரியலையும் சேர்த்து இரட்டை மேஜர், அதாவது இரண்டையும் முதன்மைப் பாடமாக எடுக்கும் ஒரே பட்டம். பிள்ளை விரும்பியது கிடைத்தது. வீட்டாருக்கும் "சயன்ஸ் படிக்கிறாள்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

சிலருக்கு இது மிக நல்ல தெரிவுதான். வேறு சிலருக்கு நான்கு வருடம் முடியும்போது இரண்டிலும் பாதிதான் கையில் இருக்கும். யார் எந்தப் பக்கம் என்பதைப் பிள்ளையின் ஆர்வத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பட்டத்துக்குப் பிறகு எந்தக் கதவைத் தட்டப்போகிறாள், அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்லலாம். உதாரணத்துக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் பஸ் எடுத்துப் போய்வரும் தூரத்தில் இருக்கிறது; இரண்டு பாடமும் அங்கே மேஜராக உண்டு; தமிழ் இருக்கையும் அங்கேதான் இருக்கிறது. மக்மாஸ்டர், யோர்க் பல்கலைக்கழகங்கள் பற்றியும் இடையில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

ரொறன்ரோவில் ஒரு பட்டம் என்பது 20 கிரெடிட். ஒரு செமஸ்டர் பாடத்துக்கு அரைக் கிரெடிட், ஆக நாற்பது பாடங்கள். இந்த 20க்குள் மூன்று விதமாகப் பட்டத்தைக் கட்டலாம்: ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்கும் ஸ்பெஷலிஸ்ட், அல்லது இரண்டு மேஜர், அல்லது ஒரு மேஜரும் அதைவிடச் சின்னதாக இரண்டு மைனரும். இரண்டு மேஜர் எடுப்பவர் இரண்டிலும் சேர்த்து இரண்டு பக்கமும் எண்ணப்படாத, வெவ்வேறான 12 கிரெடிட்டாவது காட்ட வேண்டும்.

ஒரு மேஜர் ஏறக்குறைய எட்டுக் கிரெடிட் எடுக்கும். இரண்டையும் போட்டால் பதினைந்து தாண்டும். புள்ளிவிபரவியல் போன்ற ஒரு பாடம் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டால் கொஞ்சம் இடம் மிஞ்சும். அப்புறம் ஸ்காபரோவில் ஐந்து வகைப் பாடப்பரப்பிலும் ஒவ்வொரு அரைக் கிரெடிட் எடுத்தாக வேண்டும் என்று ஒரு விதி. இயற்கை அறிவியல், சமூக நடத்தை அறிவியல், கணிதவகை மூன்றும் மேஜர் பாடங்களிலேயே அடங்கிவிடும். கலை-இலக்கியம்-மொழி ஒன்று, வரலாறு-தத்துவம்-பண்பாடு ஒன்று, இவை இரண்டும் வெளியே இருந்து வரவேண்டும்.

இதையெல்லாம் கழித்தால் விருப்பத்துக்கு எடுக்க ஏழெட்டுப் பாடங்கள் மிஞ்சும். பார்க்கப் போதும்போலத்தான் இருக்கும். ஆனால் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர் சேதன இரசாயனம், உயிர் இரசாயனம், பௌதிகம் என்று கேட்டால் அவை இந்த ஏழெட்டுக்குள்தான் வரவேண்டும். ஆய்வுக் கட்டுரை எழுத நினைத்தால் அதுவும் இங்கேதான். இரட்டை மேஜரில் இருக்கும் உண்மையான நெருக்கடி இதுதான். பாடம் கடினம் என்பது இரண்டாவது பிரச்சினை.

இன்னொரு சின்னக் கணக்கு இருக்கிறது, முதல் வருடத்தில் யாரும் கவனிப்பதில்லை. ரொறன்ரோவில் ஒரு பாடத்துக்குப் புள்ளி வேண்டாம், கிரெடிட் மட்டும் போதும் என்று கேட்கும் வசதி உண்டு. பட்டம் முழுக்க 2 கிரெடிட் வரை அப்படி எடுக்கலாம். சறுக்கிய பாடம் ஜிபிஏயை, அதாவது மொத்தப் புள்ளிச் சராசரியை, தொடாது. ஆனால் அந்தப் பாடத்தை மேஜருக்கு எண்ண முடியாது. ஆகவே மேஜர் பாடங்கள் கூடக்கூட இந்தக் குடையை விரிக்கிற இடம் குறைந்துகொண்டு போகும். ஜிபிஏயை நம்பி மருத்துவம், மேற்படிப்பு என்று போகிறவர்களுக்கு இது சில்லறை விசயமில்லை.

கெமிஸ்ட்ரிதான் தீர்மானிக்கும்

உளவியலா, மனித உயிரியலா, இரண்டுமா என்று 17 வயதில் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. ஸ்காபரோவில் மேஜரைத் தெரிவு செய்வது முதல் வருடத்துக்குப் பிறகு, 4 கிரெடிட் முடித்த நிலையில். அதற்கு முன் எடுக்கும் பாடங்கள் இந்த எல்லா வழிகளுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்: உளவியல் அறிமுகம் இரண்டு பகுதி, உயிரியல் அறிமுகம் இரண்டு பகுதி, ஏதாவதொரு கணிதம்.

வித்தியாசம் இரசாயனவியலில்தான். மனித உயிரியல் மேஜருக்கு முதல் வருட இரசாயனம் வேண்டும். உளவியலுக்குத் தேவையில்லை. 12ஆம் வகுப்பில் கெமிஸ்ட்ரியைக் கைவிட்ட பிள்ளை, அல்லது முதல் செமஸ்டரில் பயந்து அதை இறக்கிவிட்ட பிள்ளை, மனித உயிரியலுக்கான கதவை அன்றைக்கே சாத்திவிடுகிறது. பிறகு திறக்கலாம், ஆனால் ஒரு வருடம் பின்னால் போய்த்தான். எனவே குழப்பத்தில் இருக்கும் வீட்டுக்கு என் முதல் ஆலோசனை இதுதான்: முடிவு எடுக்காதீர்கள், கெமிஸ்ட்ரியை எடுங்கள். இரசாயனம் பிடிக்கவே பிடிக்காத பிள்ளை என்றால் அதுவே போதுமான பதில். உளவியலுக்குப் போகட்டும்.

உளவியல் பக்கமும் இலவச நுழைவு இல்லை. அது இடங்கள் மட்டுப்படுத்தப்பட்ட பிரிவு. முதல் வருடப் புள்ளிகளைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். "சைக்கோலொஜிதானே, ஈசி" என்று உயிரியலுக்கே நேரத்தை எல்லாம் கொடுத்துவிட்டு, உளவியல் அறிமுகத்தில் அறுபதுகளில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

இரண்டும் எப்படிப்பட்ட படிப்பு

மனித உயிரியல் என்றால் உடற்றொழிலியல், மரபியல், கலம், ஹோர்மோன், நோய், முதுமை. படிப்பின் பெரும்பகுதி படம் போட்டு, பெயர் வைத்து, எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி என்று மனதில் நிறுத்துவது. ஆய்வுகூடம் மூன்று மணி நேரம். இதயத் துடிப்பின் மின்பதிவு எடுப்பீர்கள், குழாயில் ஊதி நுரையீரல் கொள்ளளவு பார்ப்பீர்கள், வரைபடம் போடுவீர்கள், அறிக்கை எழுதுவீர்கள். நேரம் தின்னும் வேலை. ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது.

உளவியலுக்குப் போகிற பிள்ளைகளில் பலர் மனிதர்களின் பிரச்சினைகளைக் கேட்டு ஆறுதல் சொல்லும் படிப்பு என்று நினைத்துப் போகிறார்கள். அங்கே போனால் இரண்டாம் வருடத்தில் வந்து நிற்பது புள்ளிவிபரவியலும் ஆய்வு முறையியலும். கேள்வியைத் திருத்தமாகக் கேட்பது எப்படி, குழப்பம் வராமல் பரிசோதனையைக் கட்டுவது எப்படி, வந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம். உளவியல் பட்டத்தின் முதுகெலும்பு இதுதான்.

ஒரு சின்னப் பரிசோதனையைப் பாருங்கள். 1935இல் ஸ்ட்ரூப் செய்தது. இன்றுவரை முறையியல் வகுப்பில் செய்து பார்ப்பார்கள். "சிவப்பு" என்ற சொல்லை நீல மையில் எழுதிக் காட்டுவார்கள். நீங்கள் சொல்லை வாசிக்கக்கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். நாக்கு தடுமாறும், நேரம் கூடும். ஏனென்றால் வாசிப்பு நம்மைக் கேட்காமலே நடந்துவிடுகிறது. இதையே ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் ஸ்காபரோவில் வளர்ந்த பிள்ளைக்குச் செய்து பாருங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் தமிழில் அந்தத் தடுமாற்றம் குறைவாக இருக்கும். சரளமாக வாசிக்கும் ஆங்கிலத்தில் கூடுதலாக இருக்கும். (சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனதன் பலனை அளக்க இதைவிட நேர்மையான பரீட்சை எனக்குத் தெரியாது.) ஒரு ஸ்டொப் வொட்ச்சும் அட்டையும் போதும். ஆனால் எத்தனை பேரை எடுப்பது, எந்த மொழியை முதலில் கொடுப்பது, வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று எப்படிச் சொல்வது என்று கேட்கத் தொடங்கினால் ஒரு செமஸ்டர் போய்விடும். இதில் ருசி வருகிற பிள்ளைக்கு உளவியல் சரி. "சும்மா ஒரு விசயத்துக்கு ஏன் இவ்வளவு கரைச்சல்" என்று தோன்றினால், மூன்றாம் வருடம் கஷ்டமாக இருக்கும்.

இரண்டையும் சேர்ப்பது செயற்கையான ஒட்டா? இல்லை. இந்தத் துறையில் பேர்போன கதையே அப்படி ஒட்டியதில் வந்ததுதான். 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஸ்கோவில் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் வலிப்பு நோய்க்காக ஒரு இளைஞரின் மூளையில் இருபுறமும் ஹிப்போகம்பஸ் பகுதியை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குப் புதிய ஞாபகம் எதுவும் தங்கவில்லை. மொன்றியலில் இருந்து பயணம் செய்து போய் அவரைத் தொடர்ந்து சோதித்தவர் பிரெண்டா மில்னர், உளவியல் படித்தவர். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் ஒன்றைக் கோடு பிசகாமல் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அந்த இளைஞரின் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் இதை முன்பு செய்ததே இல்லை என்றார். தெரிந்துகொள்ளும் ஞாபகம் வேறு, கை பழகும் ஞாபகம் வேறு, இரண்டும் மூளையில் ஒரே இடத்தை நம்பி இல்லை என்பதற்குக் கிடைத்த பெரிய ஆதாரங்களில் இது ஒன்று. அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு எதை வெட்டினேன் என்று தெரியும். எது போனது, எது போகவில்லை என்று பிரித்துக் காட்ட ஒரு உளவியலாளரின் பரிசோதனை தேவைப்பட்டது.

எதிர்த்திசையில் வந்தவர் நம் ஊர்க்காரர் வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்து, கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் எடுத்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உளவியல் துறையில் பேராசிரியரானார். கை இழந்தவர்களுக்கு இல்லாத கை வலிப்பதைக் குறைக்க அவர் கொடுத்ததும் ஒரு கண்ணாடிப் பெட்டிதான். ஆனால் கவனியுங்கள்: இந்த இருவருமே இளநிலையில் இரட்டை மேஜர் எடுத்தவர்கள் அல்ல. ஒரு பக்கத்தை ஆழமாகப் படித்துவிட்டு மற்றப் பக்கம் போனவர்கள். இது ஒரு விதி என்று சொல்ல வரவில்லை. இரண்டையும் சேர்ப்பதற்கு இருபது வயதுதான் கடைசி வண்டி என்று பயப்படத் தேவையில்லை என்கிறேன்.

எந்தக் கதவுக்கு எது

மருத்துவத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், எனவே அதையே எடுப்போம். கனடாவில் மருத்துவக் கல்லூரிகள் எந்தப் பட்டம் என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. புள்ளி, நேர்முகம், பரீட்சை. 2015இல் மருத்துவக் கல்லூரி நுழைவுக்கான எம்கெட் பரீட்சையை மாற்றியபோது நடத்தையின் உளவியல், சமூக, உயிரியல் அடிப்படைகள் என்று ஒரு முழுப் பகுதியையே சேர்த்தார்கள். 95 நிமிடத்தில் 59 கேள்வி. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அறிமுக உளவியல், மிச்சத்தில் பெரும்பகுதி சமூகவியல். இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் "உளவியலும் உயிரியலும் எம்கெட்டுக்கு ஏற்ற சோடி" என்ற பேச்சு பலமானது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மை. எம்கெட் கேட்கும் உளவியல் முதல் வருடப் பாடத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்காக எட்டுக் கிரெடிட் மேஜர் தேவையில்லை. அதே பரீட்சை கேட்கும் பௌதிகமும் சேதன இரசாயனமும் இந்த இரண்டு மேஜரையும் முடித்தாலும் தானாக வராது.

மக்மாஸ்டர் மருத்துவம் எம்கெட்டில் வாசித்து விளங்கிக்கொள்ளும் பகுதியை மட்டும்தான் எடுக்கிறது. ஒட்டாவாவுக்கும் வட ஒன்ராறியோ மருத்துவக் கல்லூரிக்கும் எம்கெட்டே தேவையில்லை. குயின்ஸ் 2025 சேர்க்கைக்கு முதல் கட்டத்தில் குலுக்கல் முறையையே கொண்டுவந்தது. இப்படி ஆளுக்கொரு விதியில் பொதுவாக எஞ்சுவது ஜிபிஏ. எனவே மருத்துவம் நோக்கிப் போகிறவருக்குச் சரியான கேள்வி "எந்தச் சேர்க்கை பொருத்தம்" என்பதில்லை, "எந்தச் சேர்க்கையில் என் புள்ளி விழாமல் இருக்கும்" என்பதுதான். உயிரியலில் 75, உளவியலில் 88 எடுக்கும் பிள்ளையை இரட்டை மேஜரில் போடுவது அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தை நாமே கெடுப்பதாக முடியும். ரொறன்ரோவில் 85க்கு மேல் எடுத்தால் 4.0, 75 என்றால் 3.0. நான்கு வருடச் சராசரியில் அந்த வித்தியாசத்தை நிரப்புவது லேசில்லை. அப்படிப்பட்ட பிள்ளை உளவியல் மேஜரோடு, தேவையான உயிரியல் பாடங்களை மட்டும் பொறுக்கி எடுப்பது நல்லது.

மருத்துவ உளவியலாளராக வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு என் பதில் சுருக்கம்: இரட்டை மேஜர் வேண்டாம். உளவியலில் ஸ்பெஷலிஸ்ட், இடமிருந்தால் உயிரியலில் ஒரு மைனர். ஒன்ராறியோவில் "உளவியலாளர்" என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பெயர். அதற்கு முனைவர் பட்டம், மேற்பார்வைப் பயிற்சி, பரீட்சை எல்லாம் வேண்டும். முனைவர் படிப்புக்கு எடுப்பது விரல் விட்டு எண்ணும் அளவு ஆட்களை. அங்கே தெரிவு செய்கிற பேராசிரியர் பார்ப்பது நீங்கள் எத்தனை பாடம் படித்தீர்கள் என்பதையல்ல. ஆய்வுக் கட்டுரை எழுதினீர்களா, யாருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்தீர்கள், அவர் உங்களைப் பற்றி என்ன எழுதித் தருகிறார் என்பதை. நான்காம் வருட ஆய்வுக் கட்டுரைக்கு இடம் குறைவு. பல துறைகளில் ஸ்பெஷலிஸ்ட் மாணவருக்கே முன்னுரிமை. இரட்டை மேஜர்க்காரருக்கு அந்த இடம் கிடைத்தாலும், வாரத்தில் இரண்டு உயிரியல் ஆய்வுகூடத்துக்கு நடுவில் அதற்கு நேரம் எங்கே?

உளவளத்துணை செய்யத்தான் விருப்பம், ஆய்வெல்லாம் வேண்டாம் என்றால் பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் என்ற வழி இருக்கிறது. 2015இல் இருந்து ஒன்ராறியோவில் இதற்குத் தொழிலை ஒழுங்குபடுத்தும் தனி அமைப்பு இயங்குகிறது. வழமையாக முதுநிலைப் படிப்போடு போகலாம். இந்த வழிக்கு மனித உயிரியல் மேஜர் தேவையே இல்லை. அந்த நேரத்தில் சமூகவியல் படிக்கலாம், தமிழை வடிவாகப் பேசப் பழகலாம். போரையும் இடப்பெயர்வையும் கண்ட முதியவர்களோடு அவர்கள் மொழியிலேயே கதைக்கக்கூடிய சிகிச்சையாளருக்கு ரொறன்ரோவில் தேவை இருக்கிறது. உடற்றொழிலியல் பாடம் அதைக் கொடுக்காது.

மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடுகளில் இரண்டும் ஒன்றாகத்தான் பேசப்படுகிறது. மனநல மருத்துவர் மருத்துவம் முடித்து மேலும் ஐந்து வருடம் சிறப்புப் பயிற்சி எடுத்தவர், மருந்து எழுதுவார், அவரிடம் போகும் செலவை ஓஹிப் என்ற மாகாணச் சுகாதாரக் காப்புறுதி ஏற்கும். தனியாகத் தொழில் செய்யும் உளவியலாளரிடம் போனால் நாம் காசு கட்ட வேண்டும், அல்லது வேலைத்தலக் காப்புறுதி கட்டும். மூளையும் மருந்தும்தான் பிள்ளையை இழுக்கிறது என்றால் அது மருத்துவக் கதவு, மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தும்.

இரட்டை மேஜர் உண்மையாகவே பிரகாசிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் அதைப் பற்றித்தான் ஆகக் குறைவாகப் பேசுகிறோம்: மருத்துவர் அல்லாத சுகாதாரத் தொழில்கள். பேச்சு மொழிச் சிகிச்சைக்கான முதுநிலைப் படிப்பைப் பாருங்கள். ரொறன்ரோ கேட்கும் முன்பாடங்களில் மனித உடற்றொழிலியல் இருக்கிறது, பிள்ளை வளர்ச்சி உளவியல் இருக்கிறது, புள்ளிவிபரவியல் இருக்கிறது. மொழியியலும் ஒலிப்பியலும் மட்டும் வெளியே இருந்து எடுத்தால் சரி. மரபணு ஆலோசனைக்கு மரபியல், உயிர் இரசாயனம் ஒரு பக்கம், உளவியல், புள்ளிவிபரம் மறுபக்கம். ஒரு குடும்பத்துக்கு அவர்களுடைய பரிசோதனை முடிவைச் சொல்லும் வேலைக்கு இரண்டும் வேண்டும்தானே. தொழில்வழிச் சிகிச்சையும் இந்த வகை. பல்கலைக்கழகத்தில் முதலில் வேறு பாடம் படித்துவிட்டுப் போய் இரண்டு வருடத்தில் முடிக்கும் ரொறன்ரோவின் தாதியர் படிப்பும் மனித உடற்றொழிலியலையும் புள்ளிவிபரவியலையும் கேட்கிறது. இந்த இரண்டு மேஜரையும் கவனமாகத் தெரிவு செய்த பிள்ளை மூன்றாம் வருட முடிவில் இவற்றில் மூன்று நான்கு விண்ணப்பத்துக்குத் தயாராக இருக்கும். தனி உளவியல் எடுத்தவர் உடற்றொழிலியலைத் தேடி ஓடுவார். தனி உயிரியல் எடுத்தவர் பிள்ளை வளர்ச்சியைத் தேடி ஓடுவார்.

கவனமாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. "மனித உடற்றொழிலியல்" என்று ஒரு படிப்பு கேட்கும்போது உங்கள் வளாகத்தில் உள்ளது "விலங்கு உடற்றொழிலியல்" என்ற பெயரில் இருக்கலாம். ஏற்பார்களா இல்லையா என்று விண்ணப்பிக்கும் துறையிடம் இரண்டாம் வருடத்திலேயே மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ள வேண்டும்.

நரம்பறிவியல் என்ற மூன்றாம் ஆள்

"உளவியலும் உயிரியலும் சேர்ந்தால் அதுதானே நியூரோசயன்ஸ்?" என்று கேட்பார்கள். ஸ்காபரோவில் அது தனி நிகழ்ச்சித்திட்டம். அதை எடுத்தால் இரண்டு மேஜரையும் எடுத்த மாதிரி ஆகிவிடாது. நரம்பறிவியல் கீழே இறங்கிப் போகிறது: நரம்புக் கலத்தின் மென்சவ்வு, மின்னழுத்தம், இரசாயனச் செய்திகள், விலங்குகளில் செய்த பரிசோதனைகள். ஆளுமை, குடும்பம், சமூக நடத்தை, உளநோய்க்கான பேச்சுச் சிகிச்சை எல்லாம் அங்கே கரையோரம்தான். அதே மாதிரி சிறுநீரகம், இதயம், நோயெதிர்ப்புப் பற்றியும் அதிகம் வராது.

ஆய்வுகூடத்தில் வேலை செய்வதில் பிள்ளைக்கு உண்மையான ஆசை இருந்தால் நரம்பறிவியல் ஸ்பெஷலிஸ்ட் இரட்டை மேஜரைவிடப் பல படி மேல். பேராசிரியர்களின் ஆய்வுகூடங்களுக்கு நேராகக் கொண்டுபோய் விடும் வழி அது. "மூளை பிடிக்கும், ஆனால் எலி வேண்டாம், மனிதர் வேண்டும்" என்கிற பிள்ளைக்கு உளவியலுக்குள்ளேயே இருக்கும் அறிவாற்றல் நரம்பறிவியல் பாடங்கள் போதும். மக்மாஸ்டரில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டமே இருக்கிறது: உளவியல், நரம்பறிவியல், நடத்தை என்று ஒரே துறை. விஞ்ஞானப் பட்டமாகவும் எடுக்கலாம், கலைப் பட்டமாகவும் எடுக்கலாம். வீட்டை விட்டு ஹமில்ட்டனில் தங்கிப் படிக்க வசதி இருந்தால் ஸ்காபரோவின் இரட்டை மேஜரோடு நேராக ஒப்பிட வேண்டியது அதைத்தான். என் பார்வையில் எது வேண்டும் என்று இன்னும் தெரியாத, ஆனால் மூளை பக்கம்தான் என்று தெரிந்த பிள்ளைக்கு மக்மாஸ்டரின் ஒரே கூரை நல்லது. உடல் முழுவதும் வேண்டும் என்பவருக்கு ஸ்காபரோ.

யோர்க்கில் உளவியலைக் கலைப் பட்டமாகவோ விஞ்ஞானப் பட்டமாகவோ எடுக்கலாம். உளவியலில் மேற்படிப்புக்குப் போகும்போது இந்த இரண்டு எழுத்து வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வீட்டில் மட்டும்தான் எடுப்பார்கள்.

காசு

உள்நாட்டு மாணவருக்குக் கட்டணத்தில் வித்தியாசம் ஒன்றுமில்லை. இந்த எல்லா வழிக்கும் ஒரே கட்டணம். 2019இல் ஒன்ராறியோ அரசு கட்டணத்தை 10 சதவீதம் குறைத்தது. வருடத்துக்கு ஆறாயிரம் டொலர் சொச்சம் என்ற கணக்கில், ஒரு செமஸ்டர் கூடப் படிக்க வேண்டி வந்தாலும் குடும்பம் தாங்கும். இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ நேராக வரும் மாணவருக்கு இதில் ஏறக்குறைய பத்து மடங்கு. அவர்களுக்கு நான் இரட்டை மேஜரை இலகுவில் சொல்ல மாட்டேன். ஒரு முன்பாடம் தவறி, ஒரு ஆய்வுகூடத்தில் இடம் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் அது ஒரு காரின் விலை. அத்தோடு மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை நிரந்தரக் குடியுரிமை இல்லாதவரை எடுப்பதில்லை. இரட்டை மேஜரை மருத்துவத்துக்காக எடுப்பதென்றால் அந்தக் காரணமே விழுந்துவிடுகிறது.

நான்கு வருடப் பட்டத்தோடு நேராக வேலைக்குப் போக வேண்டிய நிலை குடும்பத்தில் இருந்தால், இந்த நான்கு வழியும் சரிவராது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். உளவியல் பட்டத்தோடு ஓட்டிசம் நிலையங்களில் பிள்ளைகளோடு வேலை கிடைக்கும். உயிரியலோடு ஆய்வுகூட உதவி வேலை கிடைக்கலாம். இரண்டுமே ஆரம்பச் சம்பளம் குறைவான வேலைகள். நேராகத் தாதியர் பட்டத்துக்குப் போனால் நான்காம் வருடம் முடியக் கையில் பதிவுள்ள தொழில். அதற்கு அடுத்தபடி ஸ்காபரோவின் கோ-ஓப், படிப்புக்கு நடுவில் வேலைக்கும் போகும் வழி. பட்டம் கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் வேலை அனுபவத்தோடு வெளியே வரலாம்.

நாட்களைப் பொறுத்தவரை: பல்கலைக்கழக விண்ணப்பம் ஜனவரி நடுப்பகுதியில் முடிகிறது. அதில் உயிர் அறிவியல் பிரிவையோ உளவியல் பிரிவையோ ஒன்றைப் போடுவீர்கள். இரட்டை மேஜர் என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இருக்காது. செப்டெம்பரில் கெமிஸ்ட்ரியோடு தொடங்குங்கள். முதல் வருடப் புள்ளிகள் எல்லாம் வந்த பிறகு, இரண்டு உளவியல் பாடத்தின் புள்ளியையும் இரண்டு உயிரியல் பாடத்தின் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்து புள்ளிக்குள் நிற்கிறதென்றால், நோக்கம் சுகாதாரத் தொழிலோ மருத்துவமோ என்றால், எக்கோர்ன் என்ற ரொறன்ரோ மாணவர் இணையத்தளத்தில் இரண்டு மேஜரையும் போடலாம். பத்துக்கு மேல் விலகினால் கூடின பக்கத்தில் மேஜரோ ஸ்பெஷலிஸ்ட்டோ, குறைந்த பக்கத்தில் மைனர். இரண்டாம் வருட முடிவில் மறுபடி மாற்றலாம். உளவியல் மேஜரிலிருந்து ஸ்பெஷலிஸ்ட்டுக்கு ஏற நினைப்பவர் மட்டும் அதற்கான ஆய்வுகூடப் பாடங்களை மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே பிடித்துவிட வேண்டும், அந்த வகுப்புகளில் இருக்கைகள் பதிவு திறந்தவுடன் நிரம்பிவிடும்.